வராதவர்களும் இந்த உறுதியில் இருக்கிறார்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் உறுதி எழுதும் இளம் சட்டத்தரணிகளுக்கும் நொத்தாரிசுமாருக்கும்,

அன்புள்ள தம்பி தங்கைமாரே,

காணி விற்பவர், வாங்குபவர், சாட்சிக்கு இரண்டு பேர், அநேகமாக ஒரு தரகர். உங்கள் மேசைக்கு முன்னால் வந்து உட்காருபவர்கள் இவ்வளவு பேர்தான். விற்பவர் பொலித்தீன் பைக்குள்ளிருந்து பழைய உறுதியை எடுத்து நீட்டுவார். "வெள்ளிக்கிழமை அவர் பிளேன் ஏறுறார், அதுக்குள்ளை முடிச்சுத் தாங்கோ" என்பார் தரகர். எல்லாரும் இணங்கித்தானே வந்திருக்கிறார்கள், இதில் நமக்கென்ன யோசனை என்று உங்களுக்கும் தோன்றும்.

நான் எழுத வந்தது அந்தக் கதிரைகளில் இல்லாதவர்களைப் பற்றி. கொழும்பில் ஒரு தொடர்மாடி வீடு கைமாறும்போது விற்பவர், வாங்குபவர், வங்கி என்ற மூன்று பேரோடு பெரும்பாலும் விடயம் முடிந்துவிடும். உரும்பிராயிலோ புலோலியிலோ ஐந்து பரப்புத் தோட்டக்காணி கைமாறுவது அப்படியில்லை. அதில் மனைவிக்கு ஒரு உரிமை இருக்கும். ரொறன்ரோவில் இருக்கும் தமையனுக்குப் பிரிபடாத பங்கு இருக்கும். பக்கத்துத் தோட்டக்காரருக்குக் கிணற்றில் பங்கு, பின்வளவுக்காரருக்குக் கையொழுங்கையில் வழி. இவர்களில் ஒருவரும் அன்று உங்கள் கந்தோருக்கு வரமாட்டார்கள். நீங்கள் எழுதும் உறுதி அவர்கள் எல்லாரையும் தொடும்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் முதல் இந்த நாட்டில் காணி விற்பனை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு, எழுத்தில்தான் நடக்க முடியும். அந்தச் சட்டத்தின் பெயரிலேயே மோசடி இருக்கிறது. காசு வாங்கிக்கொண்டு அழகாகத் தட்டச்சு செய்து கொடுக்க நம்மை அது அங்கே நிறுத்தவில்லை. வராதவரின் உரிமையைத் தேடிப் பார்ப்பதும் நம் வேலை என்பதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் பங்காளர்கள். தகப்பன் உயிலெழுதாமல் இறந்து, நாலு பிள்ளைகளும் பிரித்தெழுதாமல் விட்ட காணிகள் குடாநாட்டில் எங்கும் கிடக்கின்றன. அதில் ஒருவர் தன் காற்பங்கை அயலானுக்கு விற்க வருகிறார் என்றால் முற்கொள்வனவு உரிமை எழுகிறது. விற்பதானால் முதலில் எங்களைக் கேள் என்று பங்காளரும், உரித்தாளராகக் கூடியவரும் சொல்லும் உரிமை அது. தேசவழமையை ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் 1706-1707 காலத்தில் தொகுத்தபோதே இந்த உரிமை ஊரில் வேரூன்றி இருந்தது. விற்க நினைப்பவர் தன் எண்ணத்தைத் தொடர்ந்து மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் அறிவிக்க வேண்டும் என்பது ஒல்லாந்தர் கால ஏற்பாடு. அன்று, விற்கப்படும் காணியை ஈடாக வைத்திருந்த பக்கத்துக்காணி அயலவருக்கும் அந்த உரிமை இருந்தது. 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கத் தேசவழமை முற்கொள்வனவுக் கட்டளைச் சட்டம் அயலவரை விலக்கிவிட்டது. பங்காளரும், விற்பவர் உயிலின்றி இறந்தால் அவருக்கு உரித்தாளராக வரக்கூடியவர்களும் இன்றும் அந்த உரிமை உடையவர்கள்.

"அண்ணைக்கு ஒண்டும் வேண்டாம், அவர் இனி ஊருக்கு வரமாட்டார்" என்று விற்பவர் வாயால் சொல்வது அறிவித்தல் ஆகாது. சட்டம் கேட்கும் முறைப்படி அறிவித்தல் கொடுக்கச் செய்யுங்கள், அல்லது அண்ணனின் இசைவை எழுத்தில் பெற்றுக் கோப்பில் வையுங்கள். ஒரு மின்னஞ்சலும் சில நாள் பொறுமையும் போதும் இந்த வேலைக்கு. அதைச் செய்யாமல் விட்டதால் எழுந்த வழக்குகள் மல்லாகத்திலும் பருத்தித்துறையிலும் வருடக்கணக்கில் தவணை போட்டு இழுபடுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். முத்திரைத் தீர்வையைக் குறைக்க உறுதியில் விலையைக் குறைத்துப் போடச் சொல்வார்கள். அப்படிப்பட்ட வழக்கு வரும் நாளில் அந்தப் பொய்த்தொகைதான் வாங்கியவருக்கு எதிரான சாட்சியாக நிற்கும் என்று அவருக்கே முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

அடுத்தது மனைவி. இதை நான் கொஞ்சம் விரித்தே எழுத வேண்டும்.

1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், உரித்துரிமைக் கட்டளைச் சட்டத்தின் கீழ், மணமான பெண்ணின் சொத்து அவளுடையதே. அவளுக்கு வந்த சீதனமும் அவளுடையதே. ஆனால் அசையாச் சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ அவளுக்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1923ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க மணமான பெண்களின் சொத்துச் சட்டம் நாட்டின் மற்றப் பெண்கள் பலரை இந்தத் தளையிலிருந்து விடுவித்தது. தேசவழமைக்கு உட்பட்ட தமிழ்ப் பெண்ணை அது வெளியே விட்டுவிட்டது. நூறு வருடம் கடந்தும் அவள் வெளியேதான் நிற்கிறாள். இந்த ஏற்பாடு நீக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நீக்கப்படும்வரை அதன் பாரம் எவர் தலையில் விழுகிறது என்று பாருங்கள்.

2009இல் கணவனைக் காணாமற் கொடுத்த ஒரு பெண் உங்கள் முன் உட்கார்ந்திருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தாய் தந்த சீதனக்காணி, இரண்டு பரப்பு. மகளின் படிப்புக்கோ கலியாணத்துக்கோ ஒரு பரப்பை விற்க வந்திருக்கிறாள். கணவனின் சம்மதம் எங்கே என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அவள் என்ன பதில் சொல்வாள்? "மரணச் சான்றிதழ் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று திருப்பி அனுப்புவது நம்மில் பலருக்கு வாயில் முதலில் வரும் வார்த்தை. அவர் இறந்துவிட்டார் என்று கையெழுத்து வைக்க மறுத்து, புகைப்படத்தைத் தூக்கிக்கொண்டு தெருவோரம் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் அதைச் சொல்லாதீர்கள். அது கொடுமை, சட்டப்படி தேவையுமில்லை.

அதே 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, கணவன் கைவிட்டுப் போயிருந்தால், இருப்பிடம் தெரியாதிருந்தால், காரணமின்றிச் சம்மதம் மறுத்தால் மாவட்ட நீதிமன்றத்துக்கு விண்ணப்பித்து, அவரது சம்மதம் இல்லாமலே கையெழுத்திட அனுமதி பெற வழி விட்டிருக்கிறது. மரணப் பதிவு தொடர்பான சட்டத்தில் 2016இல் செய்யப்பட்ட திருத்தம் மூலம், இறந்தார் என்று சொல்லாமலே காணப்படாமைச் சான்றிதழ் பெறவும் முடியும். அந்தச் சான்றிதழ் நீதிமன்ற விண்ணப்பத்துக்கு நல்ல துணை. விண்ணப்பத்தை எழுத உங்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதும். கட்டணம் வாங்காமல் செய்யுங்கள் என்று கேட்க எனக்கு உரிமையில்லை, ஆனாலும் கேட்கிறேன்.

கணவன் இறந்த பெண்களிடமும் கவனம் வேண்டும். திருமண காலத்தில் விலைகொடுத்துத் தேடிய சொத்து தேடியதேட்டம், அதில் பாதி அவளுடையது. கணவனின் பாதி அவரோடு முடிந்துபோவதில்லை, உரித்தாளருக்குப் போகிறது. "முழுக்க என்ரை காணிதான்" என்று அவள் நம்பிக்கையோடு சொல்வாள், பொய் சொல்ல நினைத்துச் சொல்லமாட்டாள். கடைசிப் பிள்ளைக்குப் 18 வயது நிரம்பவில்லையென்றால் அந்தப் பிள்ளையின் பங்கை விற்கத் தாயின் கையெழுத்து போதாது, நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். கணவன் உயிரோடிருந்து தேடியதேட்டத்தை விற்க வரும்போதும், அவர் முகாமையாளர் என்று பழைய தீர்ப்புகளைக் காட்டித் தனியே கையெழுத்து வாங்கிவிடாதீர்கள். மனைவியையும் வரச்சொல்லிக் கையெழுத்து வாங்குங்கள். அதற்கு மறுக்கும் கணவனின் உறுதியை எழுதாமல் விடுவதே நல்லது.

இதற்கெல்லாம் முன்னால், வந்திருப்பவரைத் தேசவழமை கட்டுமா என்று பாருங்கள். வடமாகாணத்தில் குடியுள்ள தமிழரைக் கட்டும் சட்டம் அது. யாழ்ப்பாணப் பூர்வீகம் இருந்தும் கொழும்பை நிலையான குடியிருப்பாக்கிக் கொண்டவரைக் கட்டாது என்றது 1913ஆம் ஆண்டின் ஸ்பென்சர் எதிர் இராஜரத்தினம் வழக்கு. அது ஆளோடு செல்லும் சட்டம், யாழ்ப்பாணத்துக்கு வெளியே வாழ்கிறார் என்பதால் மட்டும் அறுந்துவிடாது என்று சிவஞானலிங்கம் எதிர் சுந்தரலிங்கம் வழக்கில் உயர் நீதிமன்றம் கண்டது, 1988ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் அதைப் படிக்கலாம். தேசவழமைக்கு உட்படாத ஒருவரை, உதாரணமாக மட்டக்களப்பு மாப்பிள்ளையை, மணந்த யாழ்ப்பாணப் பெண் அந்தத் திருமணம் நிலைக்கும் காலத்தில் தேசவழமைக்கு உட்பட்டவளல்ல. எங்கே பிறந்தீர்கள், எங்கே இருக்கிறீர்கள், யாரைக் கட்டினீர்கள் என்ற மூன்று கேள்விகளைக் கேட்காமல் ஒரு உறுதிக்கும் பேனை எடுக்காதீர்கள்.

இனி உறுதியின் அட்டவணை. நம்மூர்ப் பழைய உறுதியில் முழு வரலாறும் இருப்பது அங்கேதான், நாம் அவசரமாகப் பிரதி எடுப்பதும் அதைத்தான். கோயிற்பற்று, காணியின் பெயர், பரப்பும் குழியும், நாலு எல்லை என்று வரிசையாக வந்து கடைசியில் இப்படி ஒரு துண்டு நிற்கும்: கிழக்கு எல்லையிலுள்ள கிணற்றில் நாலில் ஒரு பங்கும், அதற்குரிய வழி வாய்க்கால் உரிமையும். ஆற்றுநீர் இல்லாத நம் சுண்ணாம்புக்கல் நிலத்தில், செம்மண் தோட்டத்தின் விலையில் பெரும்பங்கு அந்தத் துண்டில்தான் இருக்கிறது. துலா இருந்த காலத்தில் நாலு தோட்டக்காரரும் முறைவைத்து இறைத்தார்கள், இப்போது முறைவைத்து மோட்டர் போடுகிறார்கள். அந்தத் தோட்டம் வீட்டுக்காணியாகத் துண்டுபோட்டு விற்கப்படும்போது இரண்டு விதமாகப் பிழை நடக்கிறது. ஒன்று, அந்த வரியே விடுபட்டு, வாங்கியவர் நீரில்லாத நிலத்தை வாங்குகிறார். மற்றது, கிணறு முழுவதும் ஒரு துண்டுக்குள் அடங்கியதாக எழுதப்பட்டு, புது உரிமையாளர் மதில் கட்டுகிறார். மறுநாள் காலை குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு வந்த மற்ற மூன்று பேரும் மதிலுக்கு வெளியே நிற்கிறார்கள்.

ஆகவே இடத்துக்குப் போய்ப் பாருங்கள். நில அளவையாளரின் படம் வருமுன்னரே ஒருமுறை போங்கள். கிணற்றடியில் எத்தனை வாய்க்கால் எந்தப் பக்கம் போகிறது என்று எண்ணுங்கள். வேலியில் எந்தக் கதியால் பழையது, எது போன மாரிக்கு நட்டது என்று பூவரசின் அடித்தண்டு சொல்லும். பரப்பென்றால் 10 பேர்ச், ஏக்கருக்கு 16 பரப்பு என்று கணக்குப் போட்டு உறுதியின் அளவையும் படத்தின் அளவையும் ஒப்பிடுங்கள். ஒரு பரப்புக்கு மேல் வித்தியாசம் வந்தால் தரகரின் அவசரத்தை ஒதுக்கிவைத்துவிட்டு எல்லைக்காரர்களைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.

காணிப் பதிவகத்தில் தேடுவது நொத்தாரிசுச் சட்டம் நம்மீது வைத்த கடமை. தேட வேண்டாம் என்று தரப்பினர் எழுதித் தந்தால் விலக்கு உண்டு என்பது உண்மை. அந்த விலக்கை வழக்கமாக்கிக் கொள்ளாதீர்கள், தேட வேண்டாம் என்று அவசரப்படுபவரின் காணியைத்தான் முதலில் தேடிப் பார்க்க வேண்டும்.

வெளிநாட்டு விடயத்துக்கு வருகிறேன். அற்றோணித் தத்துவம் கொடுத்தவர் இறந்த கணமே அதன் உயிர் போய்விடுகிறது. ஆனால் அந்தக் காகிதம் இங்கே ஒரு மருமகனின் அலுமாரியில் அப்படியே இருக்கும். லண்டனில் பெரியப்பா கண்மூடிப் பல மாதம் கழிந்த பிறகும் அவர் பெயரால் இங்கே உறுதி முடிக்கப்படும் ஆபத்து உண்மையானது. 2022இல் நொத்தாரிசுச் சட்டம், அற்றோணித் தத்துவச் சட்டம், மோசடித் தடைச் சட்டம் ஆகியவை திருத்தப்பட்டதற்குப் பின்னால் இத்தகைய மோசடிகள் இருந்தன. தத்துவம் பதிவானதா என்று பார்ப்பதோடு நிற்காதீர்கள். கொடுத்தவரைக் கைபேசியில் முகம் பார்த்துப் பேசுங்கள். எந்தக் காணி, யாருக்கு, எவ்வளவுக்கு என்று அவர் வாயால் கேளுங்கள். வயோதிபர் என்றால் பிள்ளைகள் சொல்லிக்கொடுக்காமல் அவரே சொல்கிறாரா என்று கவனியுங்கள்.

புலம்பெயர்ந்தவர் வாங்க வரும்போது வேறு ஒரு கேள்வி. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், 2013 ஜனவரி 1 முதல் செயற்படும்படி, வெளிநாட்டவருக்குக் காணி விற்பதைத் தடுத்திருக்கிறது. கனேடியக் குடியுரிமை எடுத்து இலங்கைக் குடியுரிமையை இழந்தவர், ஊரில் கோயில் உபயகாரராக இருந்தாலும், இந்தச் சட்டத்தின் கண்ணுக்கு வெளிநாட்டவரே. இரட்டைக் குடியுரிமை உள்ளவருக்குத் தடையில்லை. நெருங்கிய உறவினரிடமிருந்து உரித்தாகவோ நன்கொடையாகவோ வருவதற்கும் விலக்கு உண்டு. இதைத் தெரிந்துகொண்டு, காசு தன்னுடையதாகவும் பெயர் தங்கையுடையதாகவும் உறுதி எழுதச் சொல்வார்கள். எழுதிக் கொடுக்குமுன் இருவரையும் இருத்திச் சொல்லுங்கள்: நாளைக்குத் தங்கையின் கணவனோ பிள்ளைகளோ எங்களுடையது என்றால், சட்டம் தடுத்த ஒன்றைச் செய்தவருக்கு நீதிமன்றம் கைகொடுக்கும் என்று நம்ப இடமில்லை. இதைச் சொன்னால் அவர்கள் வேறு நொத்தாரிசிடம் போவார்கள். போகட்டும்.

போரில் ஊரை விட்டு ஓடியவர்களின் காணியில் நான் எதிர்பார்ப்பது சட்ட அறிவோடு மனச்சாட்சியும். 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்கள், அதே வருடம் ஒக்டோபர் இறுதியில் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள், 1995இன் பெரும் இடப்பெயர்வில் வன்னிக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள், தீவகத்திலிருந்து போய்த் திரும்பாதவர்கள் என்று எல்லாருடைய காணியும் யாரோ ஒருவரின் கண்முன் வெறுமையாகக் கிடந்தது. பத்து வருட ஆட்சி உரிமை தரும் என்பது 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம். அதை வைத்து, நான் ஆண்டு வருகிறேன் என்று தனக்குத் தானே வெளிப்படுத்தல் உறுதி எழுத ஒருவர் வருவார். துப்பாக்கிக்குப் பயந்து ஓடியவர் வழக்குப் போட முடியாமற் போன காலத்தைக் கணக்கிலிருந்து கழிக்க, 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்துக்கு ஒரு விசேட ஏற்பாடு செய்தது. ஆனால் வழக்கைத் தொடர அது கொடுத்த அவகாசம் இரண்டே வருடம். அகதி முகாமில் இருந்தவருக்கும் தமிழ்நாட்டில் இருந்தவருக்கும் அந்தச் செய்தி சரியாகப் போய்ச் சேருமுன்பே கதவு மூடிவிட்டது. அந்த அவகாசத்தைத் திரும்பத் திறக்கும்படி நம் சட்டத்தரணிகள் சங்கங்கள் தொடர்ந்து கேட்க வேண்டும்.

நம் கையில் உள்ளது ஒன்று. பழைய உரிமையாளர் யார், எங்கே போனார், ஏன் போனார் என்று கிராம அலுவலரிடமும் அயலவரிடமும் விசாரிக்காமல் ஒரு வெளிப்படுத்தல் உறுதியும் எழுதாமல் இருக்கலாம். அந்த உறுதி உண்மையை உருவாக்காது. ஆனால் அதைக் காட்டி ஒருவர் விற்க, இன்னொருவர் வாங்க, மூன்றாமவர் வங்கியில் ஈடு வைத்துவிட்டால், திரும்பி வரும் குடும்பம் மூன்று பேரோடு வழக்காட வேண்டும். பங்காளருக்கு எதிராக ஆட்சியுரிமை கேட்பவர் அவரைத் திட்டவட்டமாக வெளியேற்றியதைக் காட்ட வேண்டும் என்று 1911இலேயே கோமறைக்கழகம் சொன்னதை அந்த வாடிக்கையாளருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

அரசும் வராதவர்களின் காணியில் கண்வைக்கும். 2013 ஏப்ரலில் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்க அறிவித்தல் ஒட்டப்பட்டபோது, அதன் சொந்தக்காரர்கள் கோணாப்புலம் போன்ற முகாம்களில், தங்கள் வீட்டிலிருந்து சில மைல் தூரத்தில் இருந்தார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோர் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போனார்கள். அவர்கள் கையில் இருந்த ஒரே ஆயுதம் உறுதி. 2025 மார்ச் 28இன் வர்த்தமானி, காணி நிர்ணயச் சட்டத்தின் கீழ், வடக்கில் 5,941 ஏக்கருக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் என்றது. அதில் யாழ் மாவட்டத்தில் மட்டும் 3,669 ஏக்கர். ஜூன் இறுதியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது, அரசும் அந்த வர்த்தமானியை மீளப்பெற்றது. அந்த மூன்று மாதத்தில் வடமராட்சி கிழக்கு மக்கள் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். போரும் 2004இன் கடற்கோளும் வீட்டையும் பெட்டியையும் கொண்டுபோன கரை அது. பாட்டன் பெயரில் உறுதி, அதற்குப் பின் ஒரு எழுத்தும் இல்லை என்ற நிலையில் உள்ள குடும்பங்கள் அங்கே ஏராளம்.

இன்னொரு அறிவித்தல் வரும்வரை காத்திருக்க வேண்டாம். மருதங்கேணிப் பிரதேச செயலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை ஒரு மேசை போடுவோம். உறுதி தொலைந்தவருக்கும் வழி இருக்கிறது: நாம் முடிக்கும் ஒவ்வொரு உறுதியின் இரண்டாம் பிரதியும் அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்குப் போகிறது. உறுதியின் இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். அது தெரியாவிட்டால் பக்கத்துக் காணிக்காரரின் உறுதியில், எல்லை சொல்லும் வரியில், இவருடைய பாட்டனின் பெயர் இருக்கும், அங்கிருந்து தேடத் தொடங்கலாம். மக்கள் பழைய உறுதி, அதன் நிழற்பிரதி, ஈட்டுச் சீட்டு, கோயில் பற்றுச்சீட்டு, பாட்டன் பாட்டியின் மரணச் சான்றிதழ் என்று கையில் உள்ளது எதையும் கொண்டுவரட்டும். பல்கலைக்கழகச் சட்டத்துறை மாணவர் நாலு பேர் வந்தால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வம்சாவளியும் பங்கும் எழுதி வைக்கலாம். மாரி தொடங்குமுன் முதல் சனிக்கிழமையை நடத்திவிட வேண்டும். பருத்தித்துறையிலும் சாவகச்சேரியிலும் இருக்கும் நீங்கள் கூடிப் பேசித் திகதியைச் சொல்லுங்கள், நானும் வருகிறேன்.

அன்புடன்,
வடமராட்சியிலிருந்து ஒரு மூத்த நொத்தாரிசு